அறநெறி கண்ட அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர்

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த காத்தவராயன் என்னும் சிறுவரே பிற்காலத்தில் அயோத்திதாசப் பண்டிதராய் விளங்கினார். தமக்குக் கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே நன்றியுணர்வால் தம் பெயராக்கிக்கொண்ட பெருந்தகை அவர். பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேயத் துரை ஒருவரிடம் பணிபுரிந்தவர். அவர் இல்லத்திலிருந்த திருக்குறள் ஏடுகளே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றன என்பது பண்டிதர் எழுதிவைத்த செய்தி. எழுத்தறியாத கூட்டமென்று நம்மை இகழ்ந்தோர் இதனை எண்ணிப் பார்த்தாரில்லை.

சித்த மருத்துவத்திலும் தேர்ந்த அவர், இளமையில் நீலகிரியில் அத்துவைதானந்த சபையை நிறுவினார். எல்லாம் ஒன்றென உரைக்கும் தத்துவம் மனிதரைப் பிரித்து வைக்கும் வழக்கத்தைத் தகர்க்காதது அவர் நெஞ்சை உறுத்தியது. 1891இல் திராவிட மகாஜன சபை தோன்றியது. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் சிவன், விஷ்ணு ஆலயங்களில் நம்மவர் நுழையும் உரிமையை அவர் கோரினார். மதுரைவீரன், காட்டேரி முதலிய தெய்வங்களே உங்களுக்குரியன என்று அவையில் மறுமொழி வந்தது. அத்தகைய தெய்வங்களே வேண்டாவென்று கூறிய பண்டிதர், ஏழைப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், பயிரிடாத நிலங்களில் பங்கும் கேட்டார். மறுக்கப்பட்ட கோயிலினும் பள்ளிக்கூடமே பெரிதென அன்றே கண்ட கண் அது!

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்தையும் அவர் சடங்காகக் கொண்டாரில்லை. ஒழுக்கத்தால் ஒருவன் உயர்வான், பிறப்பால் அன்று என்பதே அவர் கொள்கையின் வேர். பிறரைத் தாழ்த்தி வாழ்வோன் எத்துணைப் பூசை செய்யினும் சமயத்தவன் ஆகான் என்பது அதன் கிளை. நம்மவர் பூர்வ பௌத்தர், அறநெறி பிறழ்ந்தோரால் தாழ்த்தப்பட்டோர் என்று தமிழ் நூல்களைக் கொண்டே வாதிட்டார். திருக்குறளுக்கும் ஔவையின் நீதிநூல்களுக்கும் பௌத்த நெறியில் உரை வகுத்தார். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூர் மண்ணில் வாழும் நமக்கு அவ்வுரைகளில் தனி ஈடுபாடு தோன்றுதல் இயல்பே. (அதியமான் கால ஔவையும் ஆத்திசூடி ஔவையும் வேறானவர் என்பர் ஆராய்ச்சியாளர்.) அவர் காட்டிய சொல்லாராய்ச்சி முடிவுகள் பலவற்றை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. ஆயினும், பிறர் எழுதிய வரலாற்றை மறுத்துத் தம் வரலாற்றைத் தாமே எழுத முனைந்த அந்தத் துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளரிடையே அவருடைய சங்கமும் நூல்களும் வேரூன்றின. 1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவருடைய எழுத்துகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து தொகுப்பாக வெளிவந்தன. 2005இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.