சல்வீனியாவுக்குப் பெயரிட்ட மிக்கேலி

எமது கல்லூரியில் தாவரவியல் கற்றவர்களுக்குச் சல்வீனியா என்ற பெயர் புதிதல்ல. தாவரவியல் பக்கமே போகாதவர்களும் அதைக் கண்டிருப்பார்கள். கொழும்பின் கால்வாய்களிலும் குளங்களிலும் பச்சைப் பாய் விரித்தாற்போல மிதக்கும் அந்தச் செடியைப் பாசி என்று எண்ணிக் கடந்து போனவர்களே அதிகம். உண்மையில் அது பாசியல்ல, பன்னம். வேரில்லாத, பூவில்லாத, விரல் நுனியளவு இலை கொண்ட ஒரு சிறு பன்னச் சாதி. அந்தச் சாதிக்கு அப்பெயரை வைத்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அவர் இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரத்துப் பியர் அந்தோனியோ மிக்கேலி. பல்கலைக்கழகப் படி ஏறாத ஓர் ஏழை. அவரது வாழ்க்கையை இந்த நூற்றாண்டு மலரில் நம் பழைய மாணவிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மிக்கேலி 1679ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11ஆம் திகதி புளோரன்சில் பிறந்தார். வீட்டில் வசதியில்லை. மகனைப் படிக்க வைக்க இயலாத பெற்றோர் அவரை ஒரு புத்தக வியாபாரியிடம் வேலை பழக விட்டார்கள். புத்தகங்களின் நடுவே நின்ற பையனுக்கு அவற்றை வாசிக்கும் ஆசை வந்தது வியப்பல்ல. ஆனால் அந்நாளில் அறிவுநூல்கள் பெரும்பாலும் இலத்தீனில் இருந்தன. ஆசிரியர் இன்றித் தானாகவே இலத்தீன் கற்றார். செடிகொடிகளில் மனம் சென்றது. வலம்புரோசா மடத்துத் துறவியும் தாவர அறிஞருமான புரூனோ தொற்சி போன்றோர் அவருக்கு வழிகாட்டினார்கள். மலையும் காடும் வயலும் அவருக்குப் பள்ளிக்கூடமாயின.

இளைஞனின் திறமை தசுக்கனி நாட்டை ஆண்ட பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவின் காதுக்கு எட்டியது. 1706இல் மிக்கேலி அரச தாவரவியலாளராக நியமனம் பெற்றார். பெரிய பதவி என்று பெயர், சம்பளம் சிறிது. 1716இல் புளோரன்சில் தாவரவியல் சங்கம் ஒன்று உருவானபோது அதைத் தொடக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஐரோப்பாவிலேயே மிகப் பழைய தாவரவியல் சங்கம் அதுவே என்பர். புளோரன்சின் மூலிகைத் தோட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் பின்னர் அவரிடம் வந்தது.

பிறர் பொருட்படுத்தாத செடிகளையே மிக்கேலி தேடித் தேடிப் பார்த்தார். ரோசாவையும் லில்லியையும் ஆராய அன்று ஆட்கள் இருந்தார்கள். காளான், பூஞ்சணம், இலைக்கன், பாசி ஆகியவற்றை யார் பார்ப்பார்கள்? பழம் அழுகினால் பூஞ்சணம் தானே தோன்றுகிறது, அதற்கு விதையுமில்லை வித்துமில்லை என்று கற்றறிந்தவர்களே நம்பிய காலம் அது. மிக்கேலி நுணுக்குக்காட்டியால் பூஞ்சணத்தின் தூளைப் பார்த்தார். அத்தூளை முலாம்பழத் துண்டிலும் பேரிக்காய்த் துண்டிலும் தூவி வைத்தார். எந்தப் பூஞ்சணத்தின் தூளைத் தூவினாரோ அதே பூஞ்சணம் முளைத்தது. மறுபடி தூவினார், மறுபடியும் அதுவே முளைத்தது. இன்று எமது பிள்ளைகள் வித்தி என்று பாடத்தில் படிப்பது அந்தத் தூளைத்தான். அவர் சொன்னதைப் பலர் அன்று ஏற்கவில்லை. இன்று பங்கசியலின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள். ஆய்வுகூடங்களில் வழங்கும் அசுப்பெர்சிலசு என்ற பூஞ்சணப் பெயரும் அவர் வைத்ததே. தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியின் வடிவத்தை அதிலே கண்டு அப்படி அழைத்தார்.

1729இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. புதிய தாவரச் சாதிகள் என்பது அதன் தலைப்பின் பொருள். ஏறத்தாழ 1,900 தாவரங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் 1,400 வரையானவை அதற்குமுன் யாரும் விவரித்திராதவை. 108 படத்தாள்கள். செப்புத் தகட்டில் படம் செதுக்கப் பெருஞ்செலவு ஆகும். மிக்கேலியிடம் பணம் எங்கே? ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு புரவலரை நாடினார். உதவியவரின் பெயரைப் படத்தாளிலேயே பொறித்தார். சங்க மலர் ஒன்றுக்கு விளம்பரமும் நன்கொடையும் சேர்த்த அனுபவம் உள்ள நம் உறுப்பினர்களுக்கு அவர் பட்ட பாடு எளிதில் விளங்கும்.

இந்த நூலிலேதான் சல்வீனியா வருகிறது. நீரில் மிதக்கும் சிறு பச்சை இலைகள் பலவற்றையும் ஒரே கூட்டமாக எண்ணி முன்னோர் வருணித்திருந்தார்கள். மிக்கேலி இச்செடியைத் தனியே பிரித்து ஒரு சாதியாக்கினார். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு நீரின்மேல் மிதக்கும். மூன்றாவது நூல் நூலாகப் பிளந்து நீருக்குள் தொங்கும். வேர் என்று நாம் நினைப்பது அந்த மூன்றாவது இலையே. அதில்தான் வித்திப் பைகள் உருண்டை உருண்டையாக இருக்கும். இந்தச் சாதிக்குத் தன் நண்பரும் தன் படிப்புக்கு உதவியவருமான அந்தோனியோ மரியா சல்வீனியின் பெயரைச் சூட்டினார். சல்வீனி புளோரன்சில் கிரேக்கப் பேராசிரியர். ஓமரின் காவியங்களை இத்தாலிய மொழியில் தந்தவர். நூல் வெளிவந்த அதே 1729இல் அவர் காலமானார். பள்ளிப் படிப்பில்லாத ஒருவர், கைகொடுத்த ஆசிரியருக்குச் செய்த நன்றிக்கடன் அது.

மிக்கேலியின் முடிவும் செடி தேடிச் சென்ற வழியிலேயே வந்தது. 1736இல் வட இத்தாலியின் பல்தோ மலைக்குச் சென்ற பயணத்தில் மார்புச் சளியும் காய்ச்சலும் கண்டு, 1737ஆம் ஆண்டு பிறந்த கையோடு தமது 57ஆம் வயதில் மறைந்தார். பெருநூலின் இரண்டாம் பகுதி பணமில்லாமல் அச்சேறவே இல்லை. அவருடைய உலர்தாவரத் தொகுதியையும் கைப்படிகளையும் மாணவர் தர்சோனி தொற்செற்றி காப்பாற்றி வைத்தார். மைக்கலாஞ்சலோவும் கலிலியோவும் துயிலும் சாந்தா குரோசே ஆலயத்தில் மிக்கேலிக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அவர் வைத்த பெயருக்கு என்ன நடந்தது? சுவீடன் தேசத்து லின்னேயசு 1753இல் எல்லாத் தாவரங்களையும் வகைப்படுத்தியபோது சல்வீனியாவைத் தனிச் சாதியாக ஏற்காமல் மார்சீலியா என்ற வேறொரு நீர்ப்பன்னத்தோடு சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டே செகியே என்பவர் தம் நூலில் அதை மீண்டும் பிரித்துச் சல்வீனியா என்ற பெயரைத் திரும்ப வழங்கினார். 1753க்கு முற்பட்ட பெயர்கள் செல்லா என்பது தாவரவியலாளர் பின்னர் வகுத்த விதி. அதனால் இன்று அறிவியல் நூல்களில் சல்வீனியாவின் பக்கத்தில் காணப்படுவது செகியேயின் பெயர், மிக்கேலியின் பெயரல்ல. ஆனாலும் லின்னேயசு அவரை மறந்தார் என்று சொல்ல முடியாது. நம் கோயில்களில் பூசைக்கு வைக்கும் செண்பகம் இருக்கிறதே, அதன் சாதிக்கு மிக்கேலியா என்று பெயர் வைத்தவர் அவரே. அண்மைக் காலத்தில் செண்பகத்தை மக்னோலியாவில் சேர்த்துவிட்டார்கள் என்றாலும், எம்மில் மூத்தவர்கள் படித்த புத்தகங்களில் அது மிக்கேலியா சம்பக்காதான்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1939இல் கொழும்பில் உயர்கல்வி மாணவர் பார்த்துப் படிப்பதற்கென்று தென்னமெரிக்கச் சல்வீனியா ஒன்று கொண்டுவரப்பட்டது. அது தொட்டியை விட்டு வெளியேறியது. கால்வாய்களில் பரவியது, வயல்களுக்குள் புகுந்தது. வாய்ப்பான நீரில் இரண்டு மூன்று நாட்களில் இரட்டிப்பாகும் செடி அது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயல் அதன் பிடியில் சிக்கியது. கேரளத்துக் குட்டநாட்டு உழவர்களும், ஆபிரிக்காவில் கரிபா அணைக்கட்டின் மீனவர்களும் இதே செடியால் அல்லற்பட்டார்கள்.

அழிக்க வழி தேடியவர்கள் அதன் பெயரைப் பார்த்தார்கள். சல்வீனியா ஓரிகுலாட்டா என்று எழுதியிருந்தது. அந்த இனத்தைத் தின்னும் பூச்சிகளை 1960களில் திரினிதாத் தீவில் பிடித்து ஆபிரிக்க நீர்நிலைகளில் விட்டார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. காரணம், பெயர் பிழை. கரிபாவில் ஆய்வு செய்த மிச்செல் என்பவர் வித்திப் பைகளின் அமைப்பையும் பிற இயல்புகளையும் நுணுகி ஒப்பிட்டு, இது ஓரிகுலாட்டா அல்ல, வேறோர் இனம் என்று 1972இல் நிறுவினார். மொலெஸ்டா என்று பெயரிட்டார். இலத்தீனில் தொல்லை தருவது என்று பொருள். 45 நிறமூர்த்தங்கள் கொண்ட, வித்தியால் இனம் பெருக்க முடியாத மலட்டுச் செடி அது. ஒடிந்த துண்டெல்லாம் புதுச் செடியாவதால்தான் அப்படிப் பெருகியது.

சரியான பெயர் கிடைத்ததும் சரியான ஊரைத் தேடலாயிற்று. 1978இல் தென்கிழக்குப் பிரேசிலில் அதன் பிறப்பிடத்தைக் கண்டார்கள். அங்கே அதைத் தின்னும் கூன்வண்டு ஒன்று இருந்தது. நீளம் இரண்டு மில்லிமீற்றர் அளவுதான். முன்பே அறிந்த வண்டு என்று முதலில் எண்ணியதும் தவறாகி, 1985இல் அதற்கும் தனிப்பெயர் கொடுக்க வேண்டி வந்தது. 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டபோது, ஓராண்டு கழிந்து சில மாதங்களுக்குள் ஏரியை மூடியிருந்த செடி அநேகமாக ஒழிந்தது. 1980களின் பிற்பகுதியில் இலங்கைக்கும் அதே வண்டு வந்து பல நீர்நிலைகளை மீட்டுத் தந்தது. வயலுக்குள் செடி புகுந்து அரை நூற்றாண்டு ஆகப்போகும் வேளையில் வந்த விடுதலை அது.

பெயர் மனனம் செய்வது வீண்வேலை என்று தாவரவியல் வகுப்பில் நாம் முணுமுணுத்ததுண்டு. ஒரு பெயர் பிழைத்ததால் உழவர் எத்தனை போகம் இழந்தார்கள் என்று எண்ணும்போது, வித்திப் பையை எண்ணிப் பார்த்து வரையச் சொன்ன ஆசிரியைகளின் கண்டிப்பு விளங்குகிறது. மிக்கேலி செய்ததும் அதுவே: பிறர் ஒன்று என்று சொன்னதைத் தம் கண்ணால் பார்த்து, வேறென்றால் வேறென்று சொன்னார்.

சங்கத்தின் நூறு ஆண்டுகளில் நம் வகுப்பறைகளிலிருந்து ஆசிரியைகளும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் குடும்பத் தலைவிகளுமாய் வெளியேறி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதல் கடல் கடந்த நாடுகள் வரை வாழ்கிறோம். வசதியில்லை என்று படிப்பை நிறுத்தும் நிலையில் ஒரு பிள்ளை நம் கண்ணில் பட்டால், புத்தகக் கடையில் நின்ற அந்தப் பையனை நினைப்போம். சல்வீனி போல ஒருவர் கைகொடுத்தால் போதும். சங்கத்தின் புலமைப்பரிசில் நிதிக்கு நாம் கேட்பதும் இதைத்தான்.