அண்ணாவை தோற்கடித்த சொந்த ஊர்!
வரகுவாசல் தெரு வீடு சொல்லும் கதை

காஞ்சீபுரம்,

சின்ன காஞ்சீபுரம் வரதராஜ பெருமாள் கோவிலுக்கு தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள். சாமி கும்பிட்டதும் பட்டுக்கடை பக்கம் போய்விடுகிறார்கள். கொஞ்ச தூரம் கால்நடையாக போனால் வரகுவாசல் தெரு. அங்கே ஒரு வீடு இருக்கிறது. அதை எட்டிப்பார்க்காமல் திரும்பினால் காஞ்சீபுரத்தை பாதிதான் பார்த்ததாக அர்த்தம்!

அரண்மனை அல்ல, ஜமீன் பங்களாவும் அல்ல. அந்த வீட்டில் வாழ்ந்த பையன்தான் பிற்காலத்தில் சென்னை கோட்டையில் முதல்-அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்தான் அறிஞர் அண்ணா. இன்று அது அரசு நினைவு இல்லம்.

தொத்தா வளர்த்த பிள்ளை

1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி காஞ்சீபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் அண்ணாதுரை. அப்பா நடராஜன். அம்மா பங்காரு அம்மாள். ஆனாலும் பிள்ளையை தூக்கி வளர்த்தது சிற்றன்னை ராஜாமணி அம்மாள்தான். அவரை அண்ணா "தொத்தா" என்றுதான் கூப்பிடுவார்.

சி.என்.அண்ணாதுரை என்பதில் "என்" அப்பா பெயர். "சி" எது தெரியுமா? இங்கிலீஷில் அந்த காலத்தில் காஞ்சீபுரத்தை எழுதிய முதல் எழுத்து! கடைசி வரை ஊரின் முதல் எழுத்து அவர் பெயருக்கு முன்னால் இருந்தது.

படித்தது ஊரிலேயே உள்ள பச்சையப்பன் பள்ளிக்கூடத்தில். வீட்டில் பணக்கஷ்டம். அதனால் படிப்பு நடுவில் நின்றது. காஞ்சீபுரம் நகரசபை ஆபீசில் குமாஸ்தாவாக சேர்ந்தார். அந்த வேலையிலேயே இருந்திருந்தால் பென்ஷன் வாங்கி நிம்மதியாக காலத்தை ஓட்டியிருப்பார்!

ஆனால் படிப்பு ஆசை விடவில்லை. சென்னைக்கு போய் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். மாணவராக இருந்தபோதே, 1930-ல், ராணி அம்மையாருடன் கல்யாணம் நடந்தது. பின்பு எம்.ஏ. பட்டமும் வாங்கினார். கொஞ்ச காலம் வாத்தியார் வேலை. பிறகு பெரியாரிடம் போய் சேர்ந்தார்.

பேனாவும் மேடையும்

1942-ல் காஞ்சீபுரத்தில் இருந்தே "திராவிட நாடு" வார பத்திரிகையை தொடங்கினார். கட்டுரை, கதை, நாடகம் என்று பேனா ஓயவில்லை. அவர் எழுதிய "வேலைக்காரி" 1949-லும், "ஓர் இரவு" 1951-லும் சினிமா படங்களாக வந்தன.

எழுதியதோடு நிற்கவில்லை. முகத்தில் அரிதாரம் பூசி மேடையில் நடிக்கவும் செய்தார். "சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்" நாடகத்தில் காகபட்டராக வந்தார். அதே நாடகத்தில் சிவாஜியாக நடித்த இளைஞர் வி.சி.கணேசன். அந்த வேஷம்தான் அவருக்கு சிவாஜி கணேசன் என்ற பெயரை தேடிக்கொடுத்தது.

1949 செப்டம்பரில் பெரியாரிடம் இருந்து பிரிந்து, தி.மு.கழகத்தை தொடங்கினார் அண்ணா.

தோளில் துணி மூட்டை

1953-ல் கைத்தறி துணி விற்காமல் மலை மலையாக தேங்கியது. தறி நின்றது. நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கட்சிக்காரர்கள் ஊர் ஊராக தெருவில் இறங்கி துணி விற்றார்கள். அண்ணாவும் திருச்சியில் துணியை தோளில் போட்டுக்கொண்டு விற்றார். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவருக்கு தறி நின்றால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லையே!

ஊர் கைவிட்டது

1957 தேர்தலில் சொந்த ஊரான காஞ்சீபுரத்திலேயே போட்டியிட்டு ஜெயித்தார். 15 பேருடன் முதல்முறையாக கட்சி சட்டசபைக்குள் நுழைந்தது.

5 வருஷம் போனது. 1962-ல் மறுபடியும் அதே ஊரில் ஓட்டு கேட்டார். எதிர்த்து நின்றவர் காங்கிரஸ் கட்சியின் நடேச முதலியார். அவர் பஸ் முதலாளி. ஓட்டுப்பெட்டிகளை திறந்து எண்ணியபோது அண்ணா தோற்றுப்போனார்!

வேடிக்கை என்ன என்றால், அதே தேர்தலில் அவருடைய கட்சி 15-ல் இருந்து 50 இடமாக வளர்ந்தது. படை ஜெயித்தது. தளபதி மட்டும் சொந்த வாசலிலேயே விழுந்தார். ஊர் பிள்ளையை ஊரே கைவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் ஊர் மேல் கோபம் வந்திருக்கும். அண்ணா டெல்லி மேல்-சபைக்கு போனார். அங்கே இங்கிலீஷில் பேசி எதிர்க்கட்சிக்காரர்களையும் திரும்பிப்பார்க்க வைத்தார். அதன் பிறகு அவர் நடத்திய இன்னொரு வார பத்திரிகைக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? "காஞ்சி"! தோற்கடித்த ஊரின் பெயரையே பத்திரிகையின் நெற்றியில் பொட்டாக வைத்தார்.

கோட்டையில் 2 வருஷம் கூட இல்லை

1967 தேர்தலில் கட்சி அமோக வெற்றி பெற்றது. அப்போது அண்ணா சட்டசபைக்கு நிற்கவில்லை. தென்சென்னையில் பாராளுமன்றத்துக்கு நின்று ஜெயித்திருந்தார். மார்ச் 6-ந் தேதி முதல்-அமைச்சராக பதவி ஏற்றார். பிறகு மேல்-சபை உறுப்பினர் ஆனார்.

சுயமரியாதை கல்யாணங்களுக்கு சட்ட அங்கீகாரம் கொடுத்தார். சென்னை மாநிலத்துக்கு தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானத்தை 1967 ஜூலை 18-ந் தேதி சட்டசபையில் நிறைவேற்றினார். 1968 ஜனவரியில் சென்னையில் உலக தமிழ் மாநாடு நடத்தினார்.

அதற்குள் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. அதே வருஷம் அமெரிக்காவுக்கு போய் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பினார். உடம்பு தேறவில்லை.

1969 பொங்கல். ஜனவரி 14-ந் தேதி தமிழ்நாடு என்ற பெயர் அமலுக்கு வந்தது. அந்த பொங்கலுக்கு தன் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவே கடைசி கடிதம். அது வெளிவந்தது "காஞ்சி" பத்திரிகையில்தான்.

பிப்ரவரி 3-ந் தேதி அண்ணா கண்மூடினார். வயது 59. சென்னையே திரண்டு வந்து கதறியது. மெரினா கடற்கரையில் அடக்கம் செய்தார்கள்.

மெரினாவில் சமாதியை பார்க்க இன்றும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வரகுவாசல் தெருவில் அவ்வளவு கூட்டம் இல்லை. கோவிலுக்கு வருகிறவர்கள், முகூர்த்த பட்டு எடுக்க வருகிறவர்கள், ஒரு 10 நிமிஷம் ஒதுக்கி அந்த தெருவுக்குள்ளும் நடக்கலாம்.

ஊர் ஒரு தடவை அவரை கைவிட்டது. அவர் ஊரை ஒரு தடவை கூட கைவிடவில்லை.