காலராவின் நஞ்சைக் கண்டவர்

வாளேந்தி வரும் பகைவரைக் கண்ணாற் கண்டு எதிர்க்கலாம். கண்ணுக்குப் புலனாகாத பகையை எதிர்ப்பது எளிதன்று. கங்கையின் கழிமுகத்தில் நெடுங்காலம் நிலைகொண்டிருந்த காலரா அத்தகைய பகையாகும். 1817ஆம் ஆண்டில் அது வங்கத்தினின்றும் புறப்பட்டு, வணிகரோடும் படையினரோடும் நாடு பல சென்றது. அழுக்கடைந்த நீரிலும் உணவிலும் கலந்து வயிற்றினுட் புகும் அந்நோய், காலையில் நலமாயிருந்தவரை மாலைக்குள் மாய்க்கவல்லது. உடலிலுள்ள நீரெல்லாம் கழுநீர் போலப் பேதியாகும், குருதி தடிக்கும், நாடி தளரும். இக்கொடிய நோயின் மறைபொருளை வெளிப்படுத்திய பெருமை சம்புநாத் டே என்னும் வங்க மருத்துவரைச் சாரும்.

டே 1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்திற் பிறந்தார். கல்வியிற் சிறந்து விளங்கிய அவர், உதவித்தொகை பெற்றுப் பயின்று, கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1939இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் மாநகர் சென்று, ராய் கேமரன் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி பயின்று, 1949இல் டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். அப்பொழுது கல்கத்தாவில் காலரா ஆண்டுதோறும் பலரைப் பலிகொண்டு வந்தது. அதனைக் கண்ட டே, அந்நோயின் ஆராய்ச்சியிலேயே தம் கருத்தைச் செலுத்தலானார்.

காலராக் கிருமியை அறிஞர்கள் முன்னரே அறிந்திருந்தனர். 1884இல் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர், காற்புள்ளி போல வளைந்த அக்கிருமியைக் கல்கத்தாவிலேயே பிரித்தெடுத்தார். அது ஒரு நஞ்சைச் சுரக்கக்கூடும் என்றும் கருதினார். ஆயினும் அந்நஞ்சை எவராலும் காட்ட இயலவில்லை. நஞ்சு கிருமியின் உடலுக்குள்ளேயே அடங்கியிருப்பதென நம்பிய பலர், அதனை விலங்குகளின் குருதியிற் செலுத்திப் பார்த்தனர். காலராவின் குறிகள் தோன்றவில்லை.

டே வேறு வழியிற் சிந்தித்தார். காலரா குடலில் நிகழும் நோய். ஆதலின் அதன் செயலையும் குடலிலேயே தேடவேண்டும் என்று துணிந்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் பட்டு நூலாற் கட்டி, இடைப்பட்ட பகுதியுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் உப்பியிருந்தது. கிருமி செலுத்தாத பகுதியோ வறிதே இருந்தது. இம்முடிவு 1953இல் வெளியாயிற்று.

எனினும் நீரை வெளியேற்றியது கிருமியா, கிருமி விடுத்த நஞ்சா என்னும் ஐயம் எஞ்சியது. டே கிருமிகளை வளர்த்த ஊட்டநீரை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாததாக்கி, அந்நீரை மட்டும் முயலின் குடலிற் செலுத்தினார். குடல் முன்போலவே நீரால் நிறைந்தது! கிருமியின்றியே நோயின் செயல் நிகழ்ந்தமையால், நஞ்சு புறத்தே சுரக்கப்படுவது ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று. 1959இல் இச்செய்தி இங்கிலாந்தின் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று.

இத்துணைப் பெரிய உண்மைக்கு உலகம் உடனே செவி சாய்க்கவில்லை. டே மனந்தளராது தம் கல்லூரியிற் பணியாற்றி, 1973இல் ஓய்வு பெற்றார். 1978இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த நோபல் கருத்தரங்கிற்கு அவரை அழைத்து அறிஞர்கள் சிறப்பித்தனர். ஆயினும் தாய்நாட்டின் பெருவிருது எதனையும் பெறாமலே, 1985ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் மறைந்தார்.

அவர் திறந்த வழியிற் பின்னோர் நெடுந்தொலைவு சென்றனர். 1969இல் அந்நஞ்சு தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. அஃது ஒரு புரதம். அதன் ஐந்து கூறுகள் குடலின் உயிரணுவைப் பற்றிக்கொள்ள, மற்றொரு கூறு உட்புகுந்து, உப்பையும் நீரையும் இடைவிடாது வெளியேறச் செய்கிறது. இவ்வாறு நீரை இழக்கும்போதும், உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் குடல் ஏற்கும் ஆற்றலை இழப்பதில்லை. இவ்வுண்மையைத் துணைக்கொண்டு, 1971இல் வங்கதேச அகதிகளின் முகாமில் திலீப் மஹலனாபிஸ் என்னும் மருத்துவர் அந்நீரைப் பருகச் செய்தே பல்லாயிரவரைக் காத்தார்.

1996இல் மற்றொரு விந்தை புலனாயிற்று. நஞ்சை ஆக்கும் மரபணுக்கள் காலராக் கிருமிக்கே தொன்றுதொட்டு உரியவை அல்ல. கிருமியைப் பற்றும் வைரசு ஒன்று அவற்றைச் சுமந்து வந்து தருகின்றது என வால்டர், மெக்கலானோஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கண்டனர். அம்மரபணுக்கள் வாய்க்காத கிருமி கொள்ளைநோயை விளைப்பதில்லை. வாய்க்கப்பெற்றதோ கொடிய பகையாகின்றது.

முயலும் பட்டு நூலும் வடிகட்டியுமே டே கையாண்ட கருவிகள். விலையுயர்ந்த கருவிகளினும் நேரிய சிந்தனையே ஆராய்ச்சிக்கு முதலாவது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது. புகழ் தாமதித்து வரலாம், வாராமலும் போகலாம். மக்களின் துயரைத் துடைக்கும் உண்மையோ என்றும் நிலைத்து நிற்கும்.