மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

தமிழ்நாட்டு இளைஞர்களுள் பலரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை அரசு உதவித் திட்டம் ஒன்றின் பெயராக மட்டுமே அறிவர். அப்பெயருக்குரியவர் சிறு பெண்ணாக இருந்தபோது 10 ரூபாய்க்கும் ஒரு பழம் புடைவைக்கும் விற்கப்பட்டவர் என்பதையும், தம்மைப் போல் விலைபோன பெண்களின் விடுதலைக்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. கல்விப் பணியில் 25 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர்தம் வரலாறு இடம்பெறுவது பொருத்தமுடையதாகும்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1883ஆம் ஆண்டில் அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில், கிருஷ்ணசாமி, சின்னம்மாள் ஆகியோருக்கு மகளாகப் பிறந்தார். குலம் இசை வேளாளர் குலம். வீட்டை வறுமை சூழ்ந்தது. வயிற்றுக்கு வழியற்ற நிலையில், தாயார் தம் மகளைத் தாசி ஒருவரிடம் மேற்சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டார். மாயவரத்தை அடுத்த மூவலூரில் அச்சிறுமி வளர்ந்தார். ஊர்ப்பெயரே பிற்காலத்தில் அவர் பெயரின் முன்னொட்டாகி நிலைத்தது.

வாங்கியவர் அச்சிறுமியை அன்பின் பொருட்டு வாங்கவில்லை. ஆடலும் பாடலும் கற்பித்து, வயது வந்ததும் பொட்டுக்கட்டிச் செல்வர் ஒருவரிடம் ஒப்படைத்தால், கொடுத்த முதல் பன்மடங்காகத் திரும்பும் என்பதே அவர்தம் கணக்கு. ஆயின் கணக்கு தவறியது. வயது முதிர்ந்த செல்வர் ஒருவருக்குத் தம்மை உரிமையாக்க முயன்றபோது, அப்பெண் அதனை மறுத்தார். தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையையே வாழ்க்கைத் துணைவராக ஏற்றுக்கொண்டார். தாசி வீட்டுப் பெண் ஒருத்தி திருமணம் செய்துகொள்வதென்பது அந்நாளில் குலவழக்கை மீறிய செயல். அதனால் எழுந்த பகையும் பழிச்சொல்லும் கொஞ்சமல்ல. அவற்றுக்கு அஞ்சாமல் இருவரும் ஒன்றாக வாழ்ந்தனர்.

அம்முறையின் கணக்கு

அம்மையார் எதனை எதிர்த்துப் போராடினார் என்பதை அறிய வேண்டுமாயின், தேவதாசி முறையின் பொருளியலை முதலில் அறிதல் வேண்டும். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களுக்கு, ஆடல், பாடல் முதலிய பணிகளுக்கு ஈடாகக் கோயில் மானிய நிலம் அளித்தது. அந்நிலம் பணியோடு பிணைக்கப்பட்டது. பணி செய்ய அடுத்த தலைமுறையில் பெண் இல்லையெனில் நிலம் கைவிட்டுப் போகும். ஆதலால் மகள் இல்லாத தாசிகள், ஏழைக் குடும்பங்களிலிருந்து பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தனர், விலைக்கும் வாங்கினர். இராமாமிர்தம் போன்ற சிறுமிகளுக்கு விலை ஏற்பட்ட விதம் இதுவேயாகும்.

மானியமும் எல்லோருக்கும் இல்லை. நிலமற்ற பெண்களும், கோயில் வருவாய் குன்றியபின் கைவிடப்பட்ட பெண்களும், நிலப்பிரபுக்களையும் மைனர்களையும் நம்பியே வாழ வேண்டியிருந்தது. இளமையும் அழகும் இருக்கும்வரை வீட்டில் விளக்கெரியும். நகையும் பட்டும் வரும். இளமை கழிந்தால் வருவோர் இல்லை. நோய் வந்தால் பார்ப்போர் இல்லை. முதுமையில் சோறு வேண்டுமானால் இளம் பெண் ஒருத்தியை அதே வழியில் இறக்கிவிடுவதைத் தவிர வேறு வகையில்லை. தாயே மகளுக்குத் தரகராகும் கொடுமைக்கு வேர், அப்பெண்களின் குணக்கேட்டில் இல்லை. அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லாமையில் இருந்தது. இம்முறையால் இன்பம் கண்டோர் ஊரில் மதிப்புடன் உலவ, இழிபெயர் முழுவதும் பெண்களின் தலைமீதே சுமத்தப்பட்டது.

பொதுவாழ்வு

அம்மையார் முதலில் காங்கிரசு இயக்கத்தில் தொண்டாற்றினார். கதராடை உடுத்திக் கதர்ப் பிரசாரம் செய்தார். அதனோடு தாசிகள் வாழும் தெருக்களுக்கு நேரே சென்று, பொட்டறுத்து மணம் புரிந்து வாழுமாறு பெண்களிடம் எடுத்துரைத்தார். இசை வேளாளர் சமுதாய மாநாடுகளில் அம்முறையை ஒழிக்க வேண்டுமென வாதாடினார். 1925ஆம் ஆண்டில் தம் வாழ்க்கைக் கதையை மறைக்காமல் ‘குடிஅரசு’ இதழில் எழுதினார். மறைத்து வைப்பதே மானம் எனக் கருதப்பட்ட காலத்தில், தாம் விற்கப்பட்டதை ஊரறியச் சொன்னதே பெரும் போராட்டம் எனலாம். அதே ஆண்டில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைக் கோரிக்கை ஏற்கப்படாது போகவே, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அம்மையாரும் அவர் வழி நின்று சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார்.

சட்டமன்றத்தில் இப்போரை நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக, மானிய நிலம் கோயில் பணியிலிருந்து பிரிக்கப்பட்டு, அனுபவித்து வந்த பெண்களுக்கே உரிமையாக்கப்பட்டது. மகளைப் பொட்டுக்கட்டினால்தான் நிலம் நிலைக்கும் என்ற தளை இதனால் அறுந்தது. சட்டசபையில் டாக்டர் அம்மையார் வாதாட, தெருவில் நின்று அக்குலப் பெண்களின் மனத்தை மாற்றும் கடும்பணியை இராமாமிர்தம் அம்மையார் மேற்கொண்டார்.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்தும் வந்தது. சமயத்தின் பெயராலும் கலையின் பெயராலும் அம்முறையைக் காக்க முனைந்தோர் ஒருபுறம். தம் தொழிலும் சொத்துரிமையும் பறிபோகுமென அஞ்சிய தாசிகள் மறுபுறம். அப்பெண்கள் சங்கம் கூட்டி அரசுக்கு விண்ணப்பங்களும் அளித்தனர். அவர்களின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என ஒதுக்கிவிட இயலாது. பெண்களுக்குச் சொத்துரிமை அரிதாயிருந்த அந்நாளில், தாசிக் குலத்தில் சொத்து பெண் வழியே இறங்கியது. எழுத்தறிவு பெற்ற பெண்கள் அக்குலத்தில் பலர் இருந்தனர். இழக்கப்போவது கண்ணுக்குத் தெரிந்தது, பெறப்போவது தெரியவில்லை.

1936ஆம் ஆண்டில் அம்மையார் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை வெளியிட்டார். செல்வர் வீட்டு இளைஞர்களை மயக்கிப் பொருள் பறிக்கும் சூழ்ச்சிகளையும், அதற்கெனப் பெண்கள் பழக்கப்படுத்தப்படும் முறையையும் உள்ளிருந்து கண்டவர் என்ற உரிமையோடு அதில் எழுதினார். அவ்வாழ்விலிருந்து மீண்டு சீர்திருத்தத்திற்குப் பாடுபடும் பெண்களையும் படைத்துக் காட்டினார். அந்நூல் 2003ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது.

1938ஆம் ஆண்டு கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை நடந்தபோது, 55 வயதில் அம்மையாரும் அப்படையோடு நடந்தார். ஆகஸ்டு முதல் நாள் புறப்பட்ட படை, வழியெங்கும் கூட்டங்கள் நடத்திச் செப்டம்பர் 11ஆம் நாள் சென்னையை அடைந்தது. அவ்வாண்டு நவம்பரில் மறியல் செய்து 6 வாரச் சிறைத் தண்டனையும் பெற்றார். 1947ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டுதலைக் குற்றமாக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியபோது, அவர் கனவின் ஒரு பாதி நனவாயிற்று. 1949ஆம் ஆண்டு திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபின் அறிஞர் அண்ணாவின் பக்கம் நின்றார். 1962ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் தம் 79ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

நமக்கு இவ்வரலாறு ஏன்?

அம்மையார் நம் சமுதாயத்தில் பிறந்தவரல்லர். ஆயினும் அவர் எதிர்த்த கொடுமை நம் பெண்களை அவர் குலப் பெண்களினும் கொடிதாகத் தாக்கிய ஒன்றாகும். கருநாடகத்துச் சவதத்தி எல்லம்மாவின் பெயரால் தேவதாசியராகவும், தெலுங்கு நாட்டில் ஜோகினிகளாகவும், வடதமிழ்நாட்டில் மாத்தம்மாக்களாகவும் விடப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்களே. இவர்களுக்கு மானிய நிலம் இல்லை, அரங்கேற்றம் இல்லை, பட்டும் இல்லை. ஊரார் அனைவருக்கும் உரியவள் என்ற இழிவு ஒன்றே கிடைத்தது. வறுமையின் காரணமாகப் பலர் பம்பாய் போன்ற நகரங்களின் விபசார விடுதிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அம்மையாரின் நாவல் வெளிவந்த அதே 1936ஆம் ஆண்டில், பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயில் நடந்த கூட்டமொன்றில் தேவதாசிகள், முரளிகள் முதலியோரிடம் பேசுகையில், வறுமையையே காரணம் காட்டி அவ்வாழ்வில் தங்கிவிடாது வெளியேறுமாறு வேண்டினார்.

கருநாடகம் 1982ஆம் ஆண்டிலும், ஆந்திரம் 1988ஆம் ஆண்டிலும் தனிச் சட்டங்கள் இயற்றின. இருந்தும் 2017ஆம் ஆண்டில் மாத்தம்மா வழக்கம் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக, ஆந்திர அரசுகளிடம் விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறந்துவிடும். வெளியே வருபவளுக்கு நிற்க நிலமும், செய்யத் தொழிலும், கையில் கல்வியும் இல்லையெனில், அவள் மீண்டும் அதே வாசலுக்கே தள்ளப்படுவாள். 1929ஆம் ஆண்டில் மானிய நிலம் உரிமையாகப் பெற்ற பெண்ணுக்கு விடுதலை பொருளுடையதாயிற்று. நிலமற்ற பெண்ணுக்கு அது ஏட்டளவிலேயே நின்றது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

1989ஆம் ஆண்டில் தமிழக அரசு அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அது 2022ஆம் ஆண்டில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரியில் சேரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்க வகை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் 10 ரூபாய்க்கு ஒரு பெண்ணின் வாழ்வே விலைபோயிற்று. அவள் பெயரால் இப்பொழுது வரும் பணம் பெண்களின் கைக்கே நேரே வருகிறது, கல்விக்காக வருகிறது.

நம் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் கடனுக்காகப் படிப்பை நிறுத்தப்படும் பெண் குழந்தை ஒருத்தியேனும் இருக்கும்வரை இச்சங்கத்தின் பணி முடிந்ததாகாது. இளைஞர்களே, அத்தகைய வீட்டின் கதவைத் தட்டுங்கள். அவள் பெயரைக் கல்லூரிச் சேர்க்கையில் எழுதச் செய்யுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். தவறான வழியில் தள்ளப்பட்டு மீண்டு வரும் பெண்ணைக் காணின், பழிக்காமல் சகோதரியாக ஏற்று, அவள் பிழைப்புக்கு வழி தேடுங்கள். தெருத்தெருவாக நடந்து அம்மையார் செய்த பணியும் இதுவேயாகும்.