காகிதத்தில் மலர்ந்த தோட்டம்

கத்தரிக்கோலிலிருந்து உதிரும் காகிதத் துணுக்குகளை நாம் பெருக்கிக் குப்பையில் கொட்டி விடுகிறோம். அத்தகைய துணுக்குகளைக் கொண்டே ஏறத்தாழ ஆயிரம் மலர்களைப் பூக்கச் செய்தார் ஒரு மூதாட்டி. இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த மேரி டிலேனி அம்மையாரே அவர்.

அம்மையார் 1700-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் வில்ட்ஷயரில் ஓர் உயர்குடியில் பிறந்தார். ஆனால் இளமையிலேயே குடும்பத்தின் செல்வாக்குச் சரிந்தது. பதினேழு வயதில், உறவினரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அறுபதை நெருங்கிய ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். அந்த மணவாழ்வில் அவர் கண்டது கண்ணீரே. சில ஆண்டுகளில் கணவர் இறந்தார். எதிர்பார்த்த சொத்தும் வந்து சேரவில்லை.

ஆயினும் அவர் சோர்ந்து மூலையில் முடங்கிவிடவில்லை. ஓவியம் பயின்றார், பூத்தையல் செய்தார், சின்னஞ்சிறு கிளிஞ்சல்களை ஒட்டி அழகிய வேலைப்பாடுகள் அமைத்தார். 1743-இல் அயர்லாந்து நாட்டு மதகுருவான பாட்ரிக் டிலேனியை மணந்தார். டப்ளின் நகருக்கு அருகே கழிந்த அந்த இல்லறம் இனிதாய் அமைந்தது. ஆனால் 1768-இல் அவரும் மறைந்தபோது அம்மையார் மீண்டும் தனிமரமானார். போர்ட்லண்ட் கோமகளின் நட்பே அவருக்கு ஆறுதலாயிற்று.

1772-ஆம் ஆண்டு. கோமகளின் புல்ஸ்ட்ரோட் மாளிகையில் தங்கியிருந்தபோது, மேசைமீது கிடந்த சிவப்புக் காகிதம் ஒன்றும் அருகிலிருந்த ஜெரேனியம் பூவும் ஒரே நிறமாயிருப்பதைக் கண்டார். உடனே கத்தரிக்கோலை எடுத்து இதழ் இதழாக வெட்டி ஒட்டினார். அறைக்குள் வந்த கோமகள் அதை மெய்யான பூவென்றே எண்ணிவிட்டாராம்! அப்போது அம்மையாருக்கு வயது 72.

அன்றிலிருந்து அதுவே அவருடைய நாள்தோறும் செய்யும் பணியாயிற்று. செடியைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வார். இதழ், மகரந்தத் தாள், இலை, நரம்பு என ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டிக் கறுப்புத் தாளின்மேல் ஒட்டுவார். பேஷன் மலர் ஒன்றில் மட்டும் 230-க்கு மேற்பட்ட இதழ்த் துணுக்குகள் உள்ளன! தாவரங்களை ஆராய்ந்த சர் ஜோசப் பேங்க்ஸ், ஒரு செடியின் உருவை ஐயமின்றி அறிய இவற்றை நம்பலாம் என்று மெச்சினார்.

ஆயிரம் மலர்களை முடிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் கண்ணொளி மங்கத் தொடங்கியது. 1782-இல், 985 மலர்களோடு, கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எஞ்சிய பதினைந்தை எண்ணி ஏங்கி வாழ்நாளைக் கழிக்கவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1785-இல் வின்ட்சரில் வீடும், ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையும் தந்து அவரைச் சிறப்பித்தார். 1788-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். பத்துத் தொகுதிகளாக அமைந்த அவருடைய மலர்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அன்புத் தோழியரே, அம்மையாரின் கையிலிருந்தவை கத்தரிக்கோல், பசை, காகிதம் ஆகியவையே. இவற்றில் நம்மிடம் இல்லாதது எது? வயது சென்றுவிட்டது என்று அவர் கைகட்டி இருந்திருந்தால், அத்தோட்டம் பூத்திருக்குமா? சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். சிறு துணுக்கும் பெருந்தோட்டமாகும்; குனிந்து எடுக்க ஒரு கை வேண்டும், அவ்வளவே.