வி. வி. கிரி

வராககிரி வேங்கட கிரி (ஆகஸ்டு 10, 1894 – ஜூன் 24, 1980) இந்தியாவின் நான்காவது குடியரசுத் தலைவரும் தொழிற்சங்கத் தலைவரும் ஆவார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்காம்பூரில் பிறந்தார். 1913இல் சட்டம் பயில டப்ளின் சென்றார். அயர்லாந்து விடுதலை இயக்கத்தாருடன் தொடர்புடையவர் என்ற ஐயத்தால் 1916இல் நாடு திரும்ப நேர்ந்தது.

தொழிற்சங்கப் பணி

அகில இந்திய இரயில்வே ஊழியர் கூட்டமைப்பை நிறுவியோரில் ஒருவர். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு 1926, 1942 ஆகிய ஆண்டுகளில் தலைவராக இருந்தார். 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார். ஊதியத்தைத் தீர்ப்பாயம் விதிப்பதைவிடச் சங்கமும் நிருவாகமும் பேசி முடிப்பதே நிலைக்கும் என்பது இவரது கொள்கை. இது கிரி அணுகுமுறை எனப்பட்டது.

நடுவண் அமைச்சர்

1952 மே மாதம் நடுவண் தொழிலாளர் அமைச்சரானார். அதற்குச் சற்று முன்பு நிறைவேறியிருந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின்படி, நவம்பர் 1, 1952 முதல் சம்பளப் பிடித்தம் தொடங்கியது. பஞ்சாலை, சிமெண்டு, காகிதம் உள்ளிட்ட ஆறு தொழில்களில், ஐம்பது பேருக்குக் குறையாத ஆலைகளுக்கு இது பொருந்தியது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் ரூபாய்க்கு ஓர் அணா, அதாவது 6.25 விழுக்காடு, பிடிக்கப்பட்டது. முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டியிருந்ததால், கைக்கு வரும் சம்பளம் குறைந்தாலும் தொழிலாளியின் கணக்கில் இருமடங்கு சேர்ந்தது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏப்ரல் 1, 1954 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்றைய தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் போன்றவை இதன் வரம்புக்குள் வந்தன. குடியிருப்பும் மருத்துவ வசதியும் தோட்ட முதலாளியின் கடமையாயின. சம்பளக் கணக்கில் தொகையாகத் தென்படாத உரிமைகள் இவை.

பதவி விலகல்

வங்கி ஊழியர் ஊதியம் குறித்த தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவை அரசு 1954 ஆகஸ்டில் ஊழியருக்குப் பாதகமாக மாற்றியது. இதனை ஏற்காமல் கிரி பதவி விலகினார். தீர்ப்பாயங்களை விரும்பாத ஒருவர் தீர்ப்பாய முடிவுக்காகப் பதவி துறந்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் தீர்ப்பாயத்திடம் வழக்கை அனுப்பிய அரசே அதன் முடிவை வெட்டினால் ஊழியருக்கு வேறு புகலிடம் இல்லை. பின்னர் கஜேந்திரகட்கர் ஆணையம் இச்சிக்கலை ஆராய்ந்து 1955இல் அறிக்கை அளித்தது.

பிற்காலம்

உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் மாநிலங்களின் ஆளுநராக இருந்தார். 1967இல் குடியரசுத் துணைத் தலைவரான இவர், 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்றார். 1972 ஆகஸ்டில் பணிக்கொடைச் சட்டம் இவரது ஒப்புதலைப் பெற்றது. ஐந்தாண்டு தொடர் பணி முடித்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற இத்தொகைக்காகச் சம்பளத்தில் எதுவும் பிடிக்கப்படவில்லை. முழுவதும் முதலாளியே தர வேண்டியது. 1975இல் பாரத ரத்னா விருது பெற்றார். சென்னையில் காலமானார். நொய்டாவிலுள்ள தேசியத் தொழிலாளர் நிறுவனத்திற்கு 1995இல் இவரது பெயர் சூட்டப்பட்டது.