ரோல்ஸ் ராய்ஸில் ராய்ஸ் என்பவர் யார்?



ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மகாராஜாக்களும் கோடீஸ்வரர்களும்தான். ஆனால் அந்தப் பெயரின் பின்பாதியில் இருக்கும் ராய்ஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. பேப்பர் விற்ற பையன். ஃபீஸ் கட்ட முடியாமல் அப்ரண்டிஸ் பயிற்சியைப் பாதியில் விட்டவர். டிப்ளமோதானே என்று உதட்டைப் பிதுக்கும் சொந்தக்காரர்கள் நம் எல்லோருக்கும் உண்டு. ராய்ஸுக்கு அந்த டிப்ளமோகூட கிடையாது! அவர் எப்படி அந்த உயரத்துக்குப் போனார் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஹென்றி ராய்ஸ் 1863 மார்ச் 27 அன்று இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப் போனார். குடும்பம் பிழைக்க வழி தேடி லண்டன் போனது. ராய்ஸுக்கு 9 வயதாகும்போது அப்பாவும் இறந்துவிட்டார். பையன் தெருவில் பேப்பர் விற்றான், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் ரொம்பக் குறைவு.

பிறகு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பணம் கட்டி, பீட்டர்பரோ ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். மூன்று வருடத்தில் அந்தப் பணமும் தீர்ந்தது. வெளியே வந்தவர் லீட்ஸில் ஒரு டூல் கம்பெனி, லண்டனில் ஒரு மின்சாரக் கம்பெனி என்று மாறி மாறி வேலை பார்த்தார். பகலில் வேலை, ராத்திரியில் வகுப்பு. அடுத்து லிவர்பூலில் மின்விளக்குப் போடும் வேலை. அந்தக் கம்பெனியும் மூடிவிட்டது. ஆனால் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் இரண்டும் அதற்குள் கைக்கு வந்துவிட்டன.

1884-ல் மான்செஸ்டரில் குக் ஸ்ட்ரீட்டில் சொந்தப் பட்டறை போட்டார். கையில் இருந்தது 20 பவுண்டு. கூட்டாளி கிளேர்மாண்ட் போட்டது 50 பவுண்டு. முதலில் காலிங் பெல், பல்ப் ஹோல்டர்; பிறகு டைனமோ, எலெக்ட்ரிக் கிரேன். டைனமோவில் கம்யூட்டேட்டர் மேல் பிரஷ் உரசுமிடத்தில் பொறி பறக்கும் என்பது நம் எலெக்ட்ரிக்கல் லேபில் எல்லோரும் பார்த்ததுதான். பஞ்சு மில் மாதிரி இடத்தில் ஒரு பொறி போதும், எல்லாம் சாம்பல். ராய்ஸ் டைனமோ பொறி இல்லாமல் ஓடுவதற்குப் பேர் வாங்கியது.

இப்போது கார் கதைக்கு வருகிறேன். 1902 வாக்கில் ஓயாத உழைப்பால் ராய்ஸ் உடம்பு படுத்துவிட்டது. ஓய்வெடுத்துத் திரும்பியவர் டெக்காவில் என்ற பிரெஞ்சுக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அந்தக் காலத்தில் கார் என்றாலே பணக்காரர் சாமான்தான். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத் திறன். நல்ல கார் என்று பேர் எடுத்ததுதான். ஆனால் சத்தம், அதிர்வு, நம்ப முடியாத இக்னிஷன்! வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டு விற்றிருப்பார்கள். ராய்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பட்டறைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பிரித்தார். எந்தக் கோளாறு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நான் லீவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகியபோது ஒரு பழைய வெளிநாட்டு சொகுசு கார் வந்தது. செல்ஃப் அடித்தால் முக்கி முனகிச் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. ஓனர் ஏற்கெனவே பேட்டரியைப் புதுசாக மாற்றிவிட்டார். அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றிவிடலாம் என்றார்கள் பசங்க. மேஸ்திரி அண்ணன் பேசவே இல்லை. வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது! இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தது. கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். செல்ஃப் சும்மா விர்ரென்று சுற்றியது. செலவு ஒரு டீக்காசுகூட இல்லை. பார்ட்டை மாற்றுவது வேறு, காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு. ராய்ஸ் இரண்டாவது வகை.

டெக்காவில் காரைத் திருத்தித் திருத்திப் பார்த்தவர், கடைசியில் தானே மூன்று கார் செய்வது என்று இறங்கினார். கார்புரேட்டர், இக்னிஷன் எல்லாம் அவர் கைப்பக்குவம். புகை வெளியேறும் சத்தத்தை அடக்க நல்ல பெரிய சைலன்சர். 1904 ஏப்ரல் 1 அன்று முதல் கார் பட்டறையை விட்டுக் கிளம்பி, சுமார் 15 மைல் தள்ளி இருந்த அவர் வீடு போய்ச் சேர்ந்தது. தேதி ஏப்ரல் முதல் தேதி என்றாலும் ஏமாற்று இல்லை!

சார்லஸ் ரோல்ஸ் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படித்தவர், லண்டனில் கார் விற்றுக்கொண்டிருந்தார். 1904 மே 4 அன்று மான்செஸ்டரில் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். இரண்டு சிலிண்டர் கார் என்றாலே ரோல்ஸுக்குப் பிடிக்காது. ராய்ஸின் காரில் ஏறிப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். நீர் செய்வதை எல்லாம் நான் விற்கிறேன் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

அதற்குப் பிறகும் கோளாறு விடவில்லை. அவர்களின் முதல் ஆறு சிலிண்டர் காரில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. நீளமான ஷாஃப்ட் முறுக்கி முறுக்கி அதிர்வதுதான் காரணம். ராய்ஸ் அதைக் கண்டுபிடித்து அதிர்வை அடக்க டாம்பர் வைத்தார். 1906-ல் வந்த 40/50 மாடலில் ஷாஃப்ட்டுக்கு ஏழு பேரிங், பிரஷரோடு ஆயில். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்: ஒன்றுக்குக் காயில், மற்றதற்கு மேக்னெட்டோ. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று வீடு சேர்க்கும்.

அந்த மாடலில் வெள்ளி நிறம் பூசிய காருக்கு சில்வர் கோஸ்ட் என்று பேர். 1907-ல் அதை அதிகாரிகள் கண்காணிப்பில் 15,000 மைல் ஓட்டினார்கள். 629-வது மைலில் நின்றுவிட்டது. பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. பெட்ரோல் டாப் அதிர்வில் தானாக மூடிக்கொண்டது! திறந்துவிட்டுக் கிளம்பினார்கள். மீதி 14,371 மைலும் கோளாறு என்று நிற்கவே இல்லை. இதில்கூட பாடம் உண்டு. வண்டி நின்றால் இன்ஜினைப் பிரிக்கும் முன் பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு நுணுக்கமாகக் காரைப் பார்த்தவர் தன் உடம்பைப் பார்க்கவில்லை. வேலையில் இறங்கினால் சாப்பாடு மறந்துவிடும். ரோல்ஸ் 1910-ல் விமான விபத்தில் இறந்தார். அடுத்த வருடமே ராய்ஸ் படுத்த படுக்கையானார். 1912-ல் பெரிய ஆபரேஷன். அதன் பிறகு டெர்பியில் இருந்த ஃபேக்டரிக்குத் திரும்பவே முடியவில்லை. குளிர்காலத்தில் தெற்கு பிரான்ஸ், மற்ற நாளில் இங்கிலாந்துக் கடற்கரை என்று நர்ஸ் துணையோடு இருந்தார். டிராயிங்குகள் தபாலில் டெர்பி போகும். அப்படி உருவானதுதான் ஈகிள் விமான இன்ஜின். 1919-ல் ஆல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக் கடலை நிற்காமல் தாண்டியது இரண்டு ஈகிள் இன்ஜின் பூட்டிய விமானத்தில்தான்.

கடைசி நாளில் ஆர் என்ற பந்தய இன்ஜின். அதைச் சரிசெய்த விதமே ராய்ஸ் பாணி. முழு வேகத்தில் ஓட்டு, எது உடைகிறதோ அதைத் திருத்து, மறுபடி ஓட்டு. 1931-ல் அந்த இன்ஜின் வைத்த விமானம் மணிக்கு 400 மைலைத் தாண்டி உலக சாதனை செய்தது. அரசாங்கம் 1930-லேயே சர் பட்டம் கொடுத்திருந்தது. ஆனாலும் தன்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ளத்தான் அவருக்குப் பிடிக்குமாம். 1933 ஏப்ரல் 22 அன்று வெஸ்ட் விட்டரிங் கிராமத்தில் காலமானார்.

நண்பர்களே, ராய்ஸ் காரைக் கண்டுபிடித்தவர் இல்லை. அடுத்தவர் செய்த காரில் இருந்த கோளாறைப் பொறுமையாகப் படித்தவர். அந்தப் பொறுமைக்குப் பெரிய டிகிரி வேண்டாம். ஒரு வோல்ட் மீட்டர், ஒரு ஸ்பேனர் செட், ஏன் என்று கேட்கும் மனசு போதும். அரியர் இருக்கிறதே என்று சோர்ந்து போகாதீர்கள். இன்னொன்று: மத்தியானம் மெஸ் மணி அடித்தால் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ராய்ஸைப் பின்பற்ற வேண்டாம்!